நினைவு அலமாரியில் ஐந்தாவது பெயர்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால். நூலகச் செய்தி மடலை வாசல் பலகையில் வைத்து நான்கு மூலையிலும் ஊசி குத்தினாள் நசிபோண்டி. தட்டச்சு செய்ததும் அவள்தான். பிழை பார்த்ததும் அவள்தான். யார் மேலும் பழி போட வழியில்லை.

மடலில் வழக்கமான சங்கதிகள்தான். இரண்டாம் மாடிக் குழாயில் ஞாயிறு வரை தண்ணீர் வராது. பைண்டிங் பிரிவு வாஞ்சாலாவுக்கு இரட்டைக் குழந்தை, இரண்டும் பெண். முதலாமாண்டு மாணவர்கள் நூலக அட்டைக்கான உத்தரவாதப் படிவத்தைத் தகப்பன் கையெழுத்தோடு இன்று மாலை நாலு மணிக்குள் தர வேண்டும். அட்டை இல்லாதவர் பெயர் சேர்க்கைப் பட்டியலில் ஏறாது.

கடைசிச் சங்கதி கட்டம் கட்டிப் போட்டிருந்தது. புதன்கிழமை நினைவு அலமாரி திறப்பு. ஊழியர்களின் காலஞ்சென்ற பெற்றோர் ஐந்து பேரின் பெயரில் ஐந்து தட்டுகள். ஐந்தாவது தட்டு: மறைந்த நப்தாலி முலோங்கோ, கரும்புத் தோட்ட மேற்பார்வையாளர்.

நசிபோண்டியின் தகப்பன் நப்தாலி முலோங்கோ நேற்றுச் சாயங்காலம் வரை கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். எந்தத் தோட்டத்தையும் அவர் மேற்பார்வை பார்த்ததில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நசிபோண்டிக்கு இதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கட்டணம் கட்ட வழியில்லை. தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு நைரோபியில் ஒரு அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. தகப்பன் எல்லைப் பக்கம் வெட்டுக்குப் போயிருந்த நேரம். அம்மா மூன்று நாள் ஊர் அதிகாரியான சீஃப் வீட்டுச் சோளக் கொல்லையில் களையெடுத்தாள். நாலாம் நாள் முத்திரை போட்ட கடிதம் கையில் இருந்தது. 'இப்பெண்ணின் தகப்பனார் காலமாகிவிட்டார்.'

அந்தக் கடிதத்தால்தான் பட்டம். பட்டத்தால்தான் இந்த வேலை. கடிதம் பொய் என்று தெரிந்தால் இரண்டும் போகும்.

அலமாரி விஷயம் அவள் கேட்டு வந்ததல்ல. தலைமை நூலகர் பொசிபோரி மேடம் ஊழியர் கோப்புகளைப் பார்த்துப் பெயர்களைத் தானே எடுத்துப் பட்டியல் போட்டுவிட்டார். "உனக்குச் சொல்லாமப் பண்ணணும்னு நெனச்சேன், நசி. அப்பாவுக்கு ஒரு இடம் இருக்கட்டுமே. என்ன தொழில்னு மட்டும் நீயே போட்டுடு" என்று அவர் தோளைத் தட்டியபோது வாய் திறந்திருக்கலாம். அவள் திறக்கவில்லை. தொழிலை மட்டும் போட்டாள்.

எட்டு மணிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது.

"அவரு கெளம்பிட்டாரு."

"யாரு, மாயி?"

"யாரு கெளம்புவாங்க? உங்கப்பன்தான். உன் தம்பி கயெம்பாவோட சேந்து வண்டி ஏறிட்டாரு."

நசிபோண்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். "படிவத்துல ஞாயித்துக்கெழமையே கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னேனே கயெம்பாகிட்ட!"

"அவன் நீட்டுனான். இவரு போட மாட்டேன்னுட்டாரு. 'என் ரெண்டு புள்ளைங்களும் ஒரே கட்டடத்துல இருக்குதுங்க, அதைக் கண்ணால பார்க்காம நான் சாகவா? அங்கேயே வந்து போடறேன்'ங்கறாரு. நான் என்ன சொல்லித் தடுக்கறது? நீதான் செத்துட்டியே, எங்கய்யா போறேன்னு கேக்கவா?"

"மாயி!"

"ஏழு வருஷமா வெளியாளுங்கள உள்ள விட மாட்டாங்கன்னு சொல்லி நிறுத்தி வெச்சே. இனிமே உன் சாமர்த்தியம்." அம்மா வைத்துவிட்டாள்.

*

பத்து மணிக்கு வாசலில் கோழி கூவல் கேட்டது. கூவல்கூட இல்லை, கழுத்தைப் பிடித்த கோழி போடும் கத்தல். வாசிப்பறையில் ஐம்பது தலைகள் திரும்பின.

"பெரியவரே, பையெல்லாம் வெளியதான்" என்றார் காவலர்.

"பை இல்லப்பா இது. கோழி."

"கோழியும் வெளியதான்."

"இது யாரோட கோழின்னு தெரியுமா? உங்க பெரிய மேடத்துக்குக் கொண்டாந்தது. என் மக அவங்ககிட்டதான் வேலை பாக்கறா."

"அதுக்கு நூலக அட்டை இருக்கா?"

"படிக்கத் தெரியாதுப்பா அதுக்கு. என்ன மாதிரி."

காவலர் சிரித்துவிட்டார். கால் கட்டிய கோழியைப் பை வைக்கும் தட்டில் வைத்து, அதன் காலிலேயே பதினேழாம் நம்பர் தகட்டை மாட்டினார். இன்னொரு பதினேழைப் பெரியவர் கையில் கொடுத்தார்.

நசிபோண்டி எல்லாவற்றையும் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அப்பா, அவள் வாய்க்குப் பாபா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். அது வேறு யாருக்கோ தைத்த கோட்டு, தோள் இரண்டு விரல் தொங்கும். தேய்த்துக் குளித்திருக்கிறார். ஆனால் கரும்புக் கரி குளித்தால் போகிற கரி இல்லை. வெட்டுக்கு முன்னால் வயலுக்குத் தீ வைத்துக் காய்ந்த கரும்புத் தோகையை எரிப்பார்கள். அந்தக் கரி நகக்கண்ணிலும் கழுத்து மடிப்பிலும் போய்த் தங்கிவிடும். வாசனையும் அப்படித்தான். வெந்த சர்க்கரை மாதிரி ஒரு நெடி அவருக்கு முன்னால் உள்ளே வந்தது.

அவர் கண் அவளைத் தேடியது.

அவள் குனிந்து படிவங்களை எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்தவற்றையே மறுபடி எண்ணினாள். என்னைப் பார்க்காமல் இருக்க வேண்டும், யாராவது வேறு பக்கம் கூட்டிப் போக வேண்டும், இந்தத் தரை அவர் செருப்போடு அவரை அப்படியே விழுங்கிக்கொண்டால்கூடத் தேவலை. இப்படியெல்லாம் தன் மனம் ஓடுவதை அவளே பார்த்தாள். காது மடல் சுட்டது.

"அக்கா." கயெம்பா மேசைக்கு எதிரில் நின்றான். பத்தொன்பது வயசு, புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. குரலைத் தாழ்த்தினான். "வெளிய பலகையில பாபா பேரு எதுக்கு இருக்கு?"

"அப்புறம் சொல்றேன்."

"அப்புறம்னா? புதன்கெழமைக்கு அப்புறமா?"

"கயெம்பா, மெதுவா பேசு."

"நான் மெதுவாத்தான் பேசறேன். நீதான் சத்தமா எழுதி வெச்சிருக்கே."

பாபா எங்கே என்று இருவரும் திரும்பினார்கள்.

அவர் நினைவு அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தார். புது மரம், வார்னிஷ் பளபளத்தது. ஐந்து தட்டிலும் ஐந்து பித்தளைத் தகடுகள். ஆலையில் எடை போட்ட சீட்டை வாரா வாரம் வாங்கி வாங்கி, தன் பெயரை மட்டும் அவருக்குப் பார்த்தால் தெரியும். ஐந்தாவது தகட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நசிபோண்டி! இங்க வா. இது என் பேருதானே?"

வாசிப்பறையில் யாரோ 'உஷ்' என்றார்கள். அவள் போனாள். வேறு வழியில்லை.

"ஆமா, பாபா."

"பித்தளையிலயா!" அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. "நீ வேலை பாக்கறதுக்காகப் போட்டாங்களா? சொல்லவே இல்லியே நீ. என் பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தை இருக்கே, அது என்ன?"

கயெம்பாதான் முந்திக்கொண்டான். அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மரியாதைக்குப் போடறது, பாபா. ஐயான்னு போடற மாதிரி."

"அப்படியா? எல்லாருக்கும் போட்டிருக்கே."

"எல்லாருமே மரியாதைப்பட்டவங்கதான்."

பாபா கோட்டுக் கையால் தகட்டை ஒருமுறை துடைத்துவிட்டார். அதில் தூசியே இல்லை.

*

"யாரு நசி, வீட்டு ஆளுங்களா?"

பொசிபோரி மேடம் தன் அறையிலிருந்து வந்துவிட்டார். கையில் தேநீர்க் கோப்பை. நல்ல மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் பொய் சொல்வது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இவளோட அப்பா" என்றார் பாபா, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

மேடம் கோப்பையை நசிபோண்டியிடம் கொடுத்துவிட்டு அந்தக் கைகளைப் பற்றினார். ஒரு கணம் புருவம் சுருங்கியது. பிறகு தானாகவே தெளிந்தது.

"பெரியப்பாவா? எங்க பக்கமும் அப்படித்தான், அப்பாவோட அண்ணன் தம்பி எல்லாரும் அப்பாதான். இவளுக்கு அப்பா இல்லாத குறையே தெரியாம வளத்துருக்கீங்க. உங்க தம்பியைப் பத்தி நெனச்சா எனக்கே கஷ்டமா இருக்கு, ஐயா. பதினோரு வருஷம் ஆச்சு இல்ல? சின்ன வயசுலயே போயிட்டார்."

கோப்பைத் தேநீரில் ஏடு கட்டியிருந்தது. நசிபோண்டி அதையே பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தால் பாபாவின் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பாபாதான் முதலில் அசைந்தார். தகட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் தலையைத் தொங்கப் போட்டான். கடைசியில் மகளைப் பார்த்தார். அவர் பார்ப்பது அவளுக்குக் கன்னத்தில் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றார். "போயிட்டான்."

"நல்ல மனுஷரா?"

"தெரியலம்மா. விடியறதுக்கு முன்னாடி போவான். கரி பூசிக்கிட்டு வருவான். வர்றப்ப புள்ளைங்க தூங்கியிருக்கும். நல்லவனா கெட்டவனான்னு பாக்க அவங்களுக்கு நேரம் கெடைக்கல."

"தோட்ட மேற்பார்வையாளர்னா சும்மாவா? பொறுப்பு இருக்குமே."

"மேற்பார்வையாளரா?" பாபா அந்த வார்த்தையை வாயில் போட்டுப் பார்த்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்கக் கத்திப் பிடி காய்த்த தடம். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். "ஆமா. இருந்தான். பெரிய ஆளு."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "புதன்கெழமை திறப்பு. நீங்க வந்து உங்க தம்பியைப் பத்தி நாலு வார்த்தை பேசணும். மத்த குடும்பத்துலயும் ஒவ்வொருத்தர் பேசறாங்க."

வர மாட்டேன் என்று சொல்லுங்கள் பாபா, என்று நசிபோண்டி மனசுக்குள் கெஞ்சினாள்.

"பேசறேன்" என்றார் பாபா.

"இந்தப் பையன்?"

"தம்பி, மேடம்" என்றாள் நசிபோண்டி. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "முதலாமாண்டு."

"அட! அப்ப படிவம்? நாலு மணிதான் கடைசி." மேடம் நெற்றியைத் தேய்த்தார். "பெரியப்பா கையெழுத்து செல்லாதே. அப்பா இல்லன்னா அம்மா வரணும், இறப்புச் சான்றோட. சரி, உனக்காகத் திங்கக்கெழமை வரைக்கும் தள்ளி வைக்கிறேன். ஒரு நகல் எடுத்துட்டு வந்துடு, தம்பி. உங்க வீட்டுல இருக்குமில்ல?"

படிவம் கயெம்பாவின் சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது. மூலை வெளியே தெரிந்தது. அவன் அதைக் கையால் மூடினான்.

"தேடிப் பாக்கறேன், மேடம்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது.

பாபா பதினேழாம் நம்பர் தகட்டை மேடத்திடம் கொடுத்தார். "வாசல்ல ஒரு கோழி இருக்கு. முட்டை இடற கோழி, அறுத்துடாதீங்க. என் மகள இத்தன வருஷம் பாத்துக்கிட்டதுக்கு."

மகள் என்று அழுத்தித்தான் சொன்னார். மேடம் அதற்கும் தம்பி மகள் என்றே அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

*

மட்டாட்டு சிற்றுந்துகள் நிற்கும் இடம் நூலகத்திலிருந்து பத்து நிமிஷ நடை. ஆலைப் பக்கம் போகும் வண்டி மூன்று மணிக்கு மேல்தான் என்பதால் அந்த நேரத்துக்கு மூவரும் நடந்தார்கள். பாபா முன்னால் போனார். இடது கால் எப்போதும் போல் சற்றே இழுத்தது. கயெம்பா அக்காவுக்குப் பக்கத்தில் வராமல் சாலையின் அந்தப் பக்கமாக நடந்தான்.

வண்டி நிரம்ப இன்னும் ஆறு பேர் வேண்டும். நடத்துநன் ஆலை ஊர்ப் பெயரைக் கூவிக் கூவி அழைத்துக்கொண்டிருந்தான். பாபா வண்டியின் நிழலில் நின்றார்.

"எந்த வருஷம்?"

"என்ன பாபா?"

"நான் செத்தது."

அவள் மண்ணைப் பார்த்தாள். "நான் இங்க சேந்த வருஷம்."

"எதுல?"

"டைஃபாய்டுன்னு எழுதியிருந்தது."

அவர் யோசித்தார். "அந்த வருஷம் எனக்குத் தலைவலிகூட வரல. எல்லையிலேர்ந்து திரும்பி வந்தப்ப சீஃப் என்னப் பாத்துச் சிரிச்சான். 'என்னய்யா, உயிரோட வந்துட்டியா'ன்னான். தூரம் போயிட்டு வந்ததச் சொல்றான்னு நானும் சேந்து சிரிச்சேன்."

"மாயிதான்..." என்று தொடங்கினாள். அம்மா களையெடுத்து வீங்கிய முட்டியோடு கடிதத்தைக் கொடுத்த காட்சி வந்தது. விழுங்கிக்கொண்டாள். "நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், பாபா. தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

"அத விடு. வழி இல்ல. நான் இருந்திருந்தா நானே செத்துட்டேன்னு எழுதிக் குடுத்திருப்பேன். உன் படிப்புக்குத்தானே." அவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கடுதாசில என் தொழில் என்னன்னு இருந்துச்சு?"

"கரும்பு வெட்டறவர்னு."

"அப்ப மேற்பார்வையாளர்னு போட்டது யாரு?"

சாலையில் ஒரு லாரி போனது. கரும்புத் துண்டுகள் உதிர்ந்தன. பள்ளிப் பிள்ளைகள் ஓடிப் பொறுக்கின. லாரி போய் முடிகிற வரைக்கும் அவளுக்கு நேரம் கிடைத்தது. போய் முடிந்தது.

"நான்."

"எப்ப?"

"போன வாரம்."

"போன வாரம் உனக்கு என்ன கொறைச்சல்? சம்பளம் வருது. நாற்காலி இருக்கு. சாகடிச்சது வயித்துக்கு. இது எதுக்கு?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருக்கலாம். எதுக்கு என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துத் தட்டில் ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார். அதற்கு மேல் தட்டில் ஒரு பாதிரியார். அவர்கள் நடுவில் 'கரும்பு வெட்டுபவர்' என்று அடிக்க விரல் வரவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"செத்ததுக்கு அப்புறமும் உனக்கு நான் சரிப்பட்டு வரலியா?" என்றார் பாபா.

கயெம்பா முகத்தைத் திருப்பிக்கொண்டான். நடத்துநன், "பெரியவரே, ஏறுங்க, முன் சீட்டு" என்றான்.

"இரு தம்பி." பாபா மகனிடம் கையை நீட்டினார். "குடு அத."

"பாபா, இப்ப வேணாம். அக்கா வேலை..."

"உன் படிப்பு என்னாகறது? உனக்கும் ஒரு தடவ சாகணுமா நான்? குடு."

கயெம்பா கொடுத்தான். பாபா வண்டியின் பக்கத் தகரத்தில் படிவத்தை வைத்து, நடத்துநன் காதில் செருகியிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். எங்கே என்று கேட்டார். கயெம்பா விரலால் காட்டினான். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, தகரம் கடகடவென்று அதிர எழுதினார். முடித்ததும் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"தொழில்னு ஒரு எடம் இருக்கா?"

"இருக்கு, பாபா."

"எழுது. கரும்பு வெட்டு."

கயெம்பா எழுதினான்.

பாபா படிவத்தை மகனிடம் கொடுக்கவில்லை. நசிபோண்டியிடம் நீட்டினார். "நீதானே அங்க உக்காந்து வாங்கறே. கொண்டு போ. சேக்கறதோ கிழிக்கறதோ உன் இஷ்டம். நான் கேக்க மாட்டேன்."

"புதன்கெழமை..." என்றாள்.

"வர்றேன்னு சொல்லிட்டேன். கூப்பிட்ட மனுஷி நல்ல மனுஷி."

"என்ன பேசுவீங்க, பாபா?"

அவர் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். கோட்டின் தொங்கும் தோளை இழுத்து விட்டுக்கொண்டார். கயெம்பா பின் சீட்டில் ஏறினான். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

*

மூன்று ஐம்பதுக்கு நசிபோண்டி மேசைக்குத் திரும்பினாள். இருநூற்றுப் பதினான்கு படிவங்கள் அடுக்கியிருந்தன. முத்திரை பக்கத்தில் இருந்தது. முத்திரை குத்தி நடுவில் செருகினால் ஒருவர் கண்ணிலும் படாது. இவ்வளவையும் யார் பிரித்துப் படிக்கப் போகிறார்கள்? கயெம்பாவுக்கு அட்டை வந்துவிடும். அலமாரி திறக்கும். மடலில் நல்லபடியாக நாலு வரி வரும்.

முத்திரையை மையில் அமுக்கினாள். நப்தாலி முலோங்கோ என்ற பெயருக்குக் கீழே குத்தினாள். அடுக்கில் பாதியைத் தூக்கி இடம் பண்ணினாள்.

தூக்கின கை அப்படியே நின்றது. படிவத்திலிருந்து வெந்த சர்க்கரை நெடி வந்தது. தன் மேல் யாரும் மோந்துவிடக் கூடாதென்று பத்து வருஷமாக வாசனைப் பொடி போட்டு மறைத்த நெடி. அந்தப் பொடி வாசனை இன்றைக்கு அவளுக்குக் குமட்டியது.

"நசி, படிவமெல்லாம் ஆச்சா? குடு, பதிவாளர் கேக்கறார்." மேடம் வந்துகொண்டிருந்தார். பின்னால் காவலர் கோழியை அட்டைப்பெட்டியில் தூக்கி வந்தார்.

பாதி அடுக்கைக் கீழே வைத்தாள். நடுவில் செருகவில்லை. படிவத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, கையெழுத்து மேடத்தின் பக்கம் இருக்கும்படி திருப்பி நகர்த்தினாள்.

"ஆச்சு, மேடம்."

உட்காரத் தோன்றவில்லை. நின்றாள்.

மேடம் மேல் படிவத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியைக் கையால் தேடி, மூக்குக்கு இறக்கினார்.